மருத்துவமனைக்கு வர வேண்டிய பணம் எங்கே தேங்குகிறது: தரவை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

வருவாய் குறைந்தால் முதலில் வசூல் பிரிவைத்தான் கேள்வி கேட்பார்கள். ஆனால் ஒரு க்ளெய்ம், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை, மறுக்கப்படுவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கே இருக்காது. பதிவு மேசையில் தவறாக ஏறிய பாலிசி எண், வார்டில் எழுதாமல் விட்ட ஒரு சிகிச்சைச் செய்முறை, கையெழுத்தில்லாமல் கிடக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி என்று அது முன்பே உருவாகியிருக்கும். வசூல் பிரிவுக்குத் தெரியவரும்போது பல வாரங்கள் ஓடியிருக்கும். நோயாளியும் வீட்டுக்குப் போயிருப்பார். தவறு நடந்த நாளுக்கும் அது கண்ணில் படும் நாளுக்கும் உள்ள இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் தரவு வேண்டும்.

முதலில் ஒரே அட்டவணை

மென்பொருள் வாங்குவதற்கு முன், டாஷ்போர்டு வரைவதற்கு முன், ஒரு அட்டவணையை உருவாக்குங்கள். ஒரு வருகைக்கு ஒரு வரி. உள்நோயாளி, புறநோயாளி இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை இருப்பது நல்லது. இரண்டின் கால அளவும் தொகையும் வேறு. ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டியவை:

- வருகை எண், துறை, பணம் தரும் நிறுவனம், பாலிசித் திட்டம்
- அட்மிஷன், டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதியது, இறுதி பில், க்ளெய்ம் அனுப்பியது, முதல் பதில், பணம் வந்தது, கணக்கு முடிந்தது ஆகியவற்றின் தேதியும் நேரமும்
- பில் தொகை, ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகை, வந்த தொகை, பிடித்தம், பிடித்தத்தின் காரணம், தள்ளுபடி செய்த தொகை, தள்ளுபடியின் வகை
- நோய்க் குறியீடு, எந்தப் பதிப்பு என்பதோடு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடியின் பதினோராவது பதிப்பு, ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பல இடங்களில் ஐசிடி-10 இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பதிப்பைக் குறிக்காவிட்டால் பின்னால் இரண்டும் கலந்துவிடும்.

நோயாளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் இந்த அட்டவணைக்கு வேண்டாம். வருகை எண் போதும். பெயர் தேவைப்படும் ஊழியர் மருத்துவமனை மென்பொருளுக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த வேலையில் அதிக நேரம் தின்பது பெயர்களைச் சீராக்குவதுதான். ஒரே இன்ஷூரன்ஸ் கம்பெனி ஐந்தாறு விதமாகப் பதிவாகியிருக்கும்: சுருக்கப் பெயர், பழைய பெயர், எழுத்துப்பிழை, இடைத்தரகு நிறுவனத்தின் பெயர். ஒரு மாஸ்டர் பட்டியல் போட்டு எல்லாவற்றையும் ஒரே குறியீட்டோடு இணையுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் கம்பெனி வாரியான கணக்கு எதையும் நம்ப முடியாது.

அட்டவணை சரியா என்று பார்க்க ஒரே சோதனை: மாத வாரியாக பில் தொகையையும் வரவையும் கூட்டி, கணக்குப் பிரிவின் லெட்ஜரோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் காரணம் தெரியும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ரத்தான பில், இரண்டு முறை ஏறிய முன்பணம், மாதக் கடைசி இரவில் முடிந்த பில் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

எண்களுக்கு ஒரே வரையறை

நிலுவை நாட்களை எடுத்துக்கொள்வோம். மொத்த நிலுவையை ஒரு நாளின் சராசரி நிகர வருவாயால் வகுத்தால் கிடைப்பது அது. கடந்த 90 நாளின் நிகர வருவாய் 5.40 கோடி என்றால் ஒரு நாளுக்கு 6 லட்சம். நிலுவை 2.40 கோடி என்றால் 40 நாள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 2.40 கோடிக்குள் திருப்பித் தர வேண்டிய முன்பணமும் கூடுதலாக வந்த தொகையும் சேர்ந்து 30 லட்சம் கழிந்திருக்கலாம். அது நோயாளிக்கும் கம்பெனிக்கும் நாம் தர வேண்டிய கடன். நமக்கு வர வேண்டியதிலிருந்து அதைக் கழிக்கக் கூடாது. பிரித்துப் பார்த்தால் உண்மையான நிலுவை 2.70 கோடி, அதாவது 45 நாள். இரண்டையும் எப்போதும் தனித்தனி வரியில் காட்டுங்கள். திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும் வயது வாரியான பட்டியல் போட்டு முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். அது நம் பணம் அல்ல.

பழைய நிலுவையைத் தள்ளுபடி செய்தாலும் இந்த எண் இறங்கும். ஆகவே நிலுவை நாட்களைத் தனியாகப் பார்க்காமல் அந்த மாதத் தள்ளுபடியோடும் உண்மையான வரவோடும் சேர்த்துப் படியுங்கள்.

வசூல் விகிதத்தில் வேறொரு சிக்கல். இந்த மாதம் வந்த பணத்தை இந்த மாத பில்லால் வகுப்பது தவறு. வந்தது இரண்டு மூன்று மாதம் முந்தைய பில்லுக்கான பணம். டிஸ்சார்ஜ் ஆன மாதத்தின்படி நோயாளிகளை ஒரு தொகுதியாக எடுத்து, 30, 60, 90, 120ஆம் நாளில் எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள். வகுக்கும் எண் ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகையாக இருக்கட்டும், பில் தொகையாக அல்ல. பில் 1,00,000, ஒப்பந்தத் தொகை 70,000, வந்தது 66,500 என்றால் வசூல் 95 சதவீதம், 66.5 சதவீதம் அல்ல.

டிஸ்சார்ஜுக்கும் பில்லுக்கும் இடையில்

விரைவில் பலன் தரும் இடம் இது. டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதியதிலிருந்து படுக்கை காலியாகும் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்த நேரத்தைப் பிரியுங்கள்: மீதி மருந்தைத் திருப்புவது, பார்மசி க்ளியரன்ஸ், லேப் க்ளியரன்ஸ், சம்மரி கையெழுத்து, இறுதி பில், கம்பெனியின் இறுதி அனுமதி. சராசரியைப் பார்க்காதீர்கள்; இடைநிலையையும் (பாதிப் பேர் அதற்குள் முடித்த நேரம்) 90வது சதமானத்தையும் (பத்தில் ஒன்பது பேர் அதற்குள் முடித்த நேரம்) பாருங்கள். பத்தில் எட்டு பேர் இரண்டு மணி நேரத்தில் போய்விட, இருவர் இரவு வரை காத்திருப்பதைச் சராசரி மறைத்துவிடும். நேர வாரியாகவும் பிரித்தால், காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் எல்லா டிஸ்சார்ஜும் ஒரே மணி நேரத்தில் பார்மசி கவுண்டரில் குவிவது தெரியும். முந்தைய மாலையே மறுநாள் டிஸ்சார்ஜ் ஆகக்கூடியவர்களின் பட்டியலை வார்டிலிருந்து வாங்கி, இடைக்கால பில்லைச் சரிபார்த்து வைத்தால் இந்த நெரிசல் குறையும்.

நோயாளி போய்விட்டார், பில் இன்னும் முடியவில்லை என்ற வகைக்குத் தனிப் பட்டியல் தினமும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடைக் காரணம், ஒரு பொறுப்பாளர். பயாப்ஸி ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது நியாயமான தடை. சம்மரியில் கையெழுத்து இல்லை என்பது அன்றைக்கே தீர வேண்டியது. இரண்டையும் ஒரே 'பெண்டிங்' கணக்கில் போட்டால் இரண்டாவது முதலாவதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

மறுப்புகளைப் பிரித்துப் படிப்பது

ஆயிரம் க்ளெய்மில் 60 முழுதாக மறுக்கப்பட்டால் மறுப்பு விகிதம் 6 சதவீதம் என்று அறிக்கை சொல்லும். அதே ஆயிரத்தில் இன்னொரு 180 க்ளெய்முக்குப் பணம் வந்திருக்கும், ஆனால் குறைத்து வந்திருக்கும். அந்தப் பிடித்தங்களை எண்ணாத அறிக்கை, மொத்தத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு க்ளெய்மில் பணம் குறைவதை மறைக்கிறது. ஆகவே முழு மறுப்பு, பகுதிப் பிடித்தம், கேள்வி கேட்டுத் திரும்பி வந்தது என மூன்றையும் எண்ணிக்கையிலும் தொகையிலும் தனித்தனியாக எடுங்கள்.

ஒவ்வொரு கம்பெனியும் காரணத்தைத் தன் மொழியில் எழுதும். அவற்றை உங்கள் சொந்த எட்டு அல்லது ஒன்பது வகைகளுக்குள் கொண்டுவாருங்கள்: தகுதி இல்லை, முன் அனுமதி இல்லை அல்லது காலாவதி, ஆவணம் குறைவு, குறியீடு பொருந்தவில்லை, சிகிச்சை தேவையில்லை என்ற முடிவு, இரட்டை க்ளெய்ம், கெடு தாண்டியது, பாலிசியில் இல்லாத செலவு, கட்டண வேறுபாடு. 'இதர' என்ற வகை ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் வகைப்பாட்டையே திருத்த வேண்டும். பிறகு காரணம், துறை, கம்பெனி மூன்றையும் குறுக்கே வைத்துத் தொகைப்படி வரிசைப்படுத்துங்கள். முதல் பத்து கட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது கோப்புகளை ஆள் வைத்துத் திறந்து படியுங்கள். இந்தப் படிப்பைத் தவிர்க்கவே கூடாது. கணினி இடத்தைக் காட்டும். காரணம் கோப்பில்தான் இருக்கும்.

ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். 'குறியீடு பொருந்தவில்லை' என்று நிமோனியா க்ளெய்ம்கள் கேள்வியோடு திரும்புகின்றன. கோப்பைத் திறந்தால் குறியீடு ஜே18.9, அதாவது கிருமி குறிப்பிடப்படாத நிமோனியா. ஆனால் பில்லில் விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் பத்து நாள் போயிருக்கிறது. அது ஏன் தேவைப்பட்டது என்று கம்பெனி கேட்கிறது. லேப் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. அந்த முடிவு சம்மரிக்குள் வரவில்லை. டாக்டர் அதைச் சம்மரியில் எழுதியிருந்தால் குறியீடு போடும் ஊழியரான கோடர், கிளெப்சியெல்லா நிமோனியாவுக்கான ஜே15.0 போட்டிருப்பார், கேள்வியே வந்திருக்காது. கோடருக்கு வகுப்பு எடுத்து இதைத் தீர்க்க முடியாது. கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ரிப்போர்ட் வந்த நோயாளியின் சம்மரி அதைக் குறிப்பிடாமல் மூடப்படும்போது டாக்டருக்கு எச்சரிக்கை போக வேண்டும். இந்த எச்சரிக்கையின் நோக்கம் டாக்டர் கண்டதை எழுத வைப்பது மட்டுமே. பணம் அதிகம் வரும் குறியீட்டை நோக்கித் தள்ளுவது மோசடி.

செய்த வேலை பில்லில் ஏறியதா

ஆர்டர் ஆனது, நடந்தது, பில் ஆனது. இந்த மூன்று பட்டியல்களையும் வருகை எண்ணை வைத்து இணைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை எடுங்கள். லேப், ஸ்கேன் ஆகியவற்றில் கசிவு குறைவாக இருக்கும், ஆர்டர் போட்டாலே பில் ஏறிவிடும் என்பதால். கசிவது ஆபரேஷன் தியேட்டரில், அவசரப் பிரிவில், படுக்கையருகே செய்யும் செய்முறைகளில், ஆக்சிஜன், வென்டிலேட்டர் மணிக்கணக்கில். உடலுக்குள் பொருத்தும் இம்பிளான்ட்டுக்கு, பெட்டி ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணை ஸ்டோர் வெளியீட்டோடும் பில்லோடும் ஒன்றுக்கு ஒன்று பொருத்த வேண்டும்.

அளவு அலகில் வரும் பிழை அடிக்கடி தப்பிவிடும். ஸ்டோர் ஒரு பெட்டி கொடுக்கிறது, பெட்டியில் 10 உண்டு. வார்டு இன்டென்டில் (பொருள் கேட்கும் சீட்டில்) 1 என்றிருக்கிறது, பில்லிலும் 1 ஏறுகிறது. பெட்டி விலையில் ஏறினால் இரண்டு மட்டும் பயன்படுத்திய நோயாளி பத்துக்கும் பணம் கட்டுகிறார்; ஒற்றை விலையில் ஏறினால், பத்தும் பயன்பட்டிருக்கும்போது ஒன்பதின் செலவு மருத்துவமனை தலையில். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெட்டிக்கு எத்தனை என்ற மாற்று எண் மாஸ்டரில் சரியாக இருக்கிறதா என்று, அதிகம் செலவாகும் 200 பொருட்களுக்காவது பாருங்கள். இந்த ஒப்பீடு இரு பக்கமும் வெட்ட வேண்டும்: பில் ஆகி நடக்காதவற்றையும் அதே கவனத்தோடு தேடித் திருப்பித் தர வேண்டும்.

கட்டண ஒப்பீடு இதைவிட எளிது. ஒப்பந்தக் கட்டணங்களை அட்டவணையில் ஏற்றி, வந்த தொகையை அவற்றிலிருந்து கழித்து, இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்தவற்றைப் பட்டியலிடுங்கள். ஒப்பந்தம் புதுப்பித்த பிறகும் பழைய கட்டணமே எங்காவது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருப்பது வழக்கமான காரணம்.

யாரை முதலில் துரத்துவது

நிலுவைப் பட்டியலை வயதுப்படி வரிசைப்படுத்தி மேலிருந்து வேலை பார்ப்பது பழக்கம். அதனால் வர வாய்ப்பே இல்லாத பழைய பாக்கியில் நாள் கழிய, கெடு நெருங்கும் பெரிய தொகை காத்திருக்கும். தொகையை அதே வகை க்ளெய்ம் முன்பு வசூலான விகிதத்தால் பெருக்குங்கள்; மேல்முறையீட்டுக் கெடுவுக்குப் பத்து நாளே இருந்தால் மேலே ஏற்றுங்கள். இதற்கு எக்செல் போதும்.

எந்த க்ளெய்ம் மறுக்கப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லும் முன்கணிப்பு மாடல் வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வருடச் சுத்தமான தரவு சேரட்டும். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய புள்ளியியல் முறையில் தொடங்குங்கள். ஏன் இந்த க்ளெய்ம் ஆபத்தானது என்று ஊழியருக்கு விளக்க முடியும். க்ளெய்ம் அனுப்பிய பிறகு தெரியவரும் எந்தத் தகவலும் உள்ளீட்டில் நுழையக் கூடாது. நுழைந்தால் சோதனையில் அற்புதமாகவும் நடைமுறையில் பயனற்றதாகவும் இருக்கும். பழைய மாதங்களில் பயிற்றுவித்து அடுத்த மாதங்களில் சோதியுங்கள், மாதங்களைக் கலைத்துப் பிரிக்காதீர்கள். ஒரு நாளில் 40 க்ளெய்ம்தான் ஆளால் சரிபார்க்க முடியும் என்றால், மேலே வரும் 40இல் எத்தனை உண்மையில் மறுக்கப்பட்டவை என்பதே மாடலின் மதிப்பு.

மாற்றம் உண்மையா

ஒரு எண்ணை இலக்காக வைத்ததும் அந்த எண் வளையத் தொடங்கும். மறுப்பைக் குறைக்கச் சொன்னால் மறுப்பு 'கேள்வி' என்ற பெயரில் பதிவாகும். பிழையற்ற க்ளெய்ம் வேண்டும் என்றால் பில்கள் அனுப்பாமல் தேங்கும். ஆகவே ஒவ்வொரு இலக்கோடும் அதன் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து அளவிடுங்கள்: மறுப்போடு கேள்விகளை, பிழையற்ற விகிதத்தோடு அனுப்பும் நாட்களை.

மாற்றத்தை ஒரு துறையில் மட்டும் தொடங்கி, வார வாரியாகப் புள்ளி வைத்து, தொடங்கிய தேதியில் ஒரு கோடு போடுங்கள். அதே காலத்தில் மாறாத இன்னொரு துறையையும் பக்கத்தில் வையுங்கள். கம்பெனி தன் விதியை மாற்றியிருந்தால் இரண்டிலும் தெரியும். பதில் வர ஆறு வாரம் எடுக்கும் கம்பெனியில் பதிவு மேசைத் திருத்தத்தின் பலன் ஆறு வாரத்துக்குப் பிறகுதான் மறுப்பு விகிதத்தில் தெரியத் தொடங்கும். அதுவரை பார்க்க வேண்டியது, முன் அனுமதி எண் இல்லாமல் வார்டுக்குப் போன அட்மிஷன் எத்தனை, பாலிசித் தகுதி சரிபார்க்காமல் பதிவானவை எத்தனை என்ற இரண்டையும்தான், ஒவ்வொரு நாள் காலையிலும், பதிவு மேசைப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து.