முதல் ஷாஃப்ட்: விசை போகும் வழியைப் பிடித்து ஒரு வடிவமைப்பு

மெக்கானிக்கல் படித்தவர்களில் பலருக்கு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கணக்கு தெரியும். ஹெச்பி கொடுத்தால், சுழற்சி வேகம் கொடுத்தால், சூத்திரத்தில் போட்டு விட்டத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வெறும் தாளைக் கொடுத்து "ஒரு ஷாஃப்ட் வரைந்து கொடுங்கள், நாளைக்கு லேத்தில் ஏற்ற வேண்டும்" என்றால் கை நின்றுவிடும். எங்கே படி வைப்பது, பேரிங் எந்தப் பக்கமாக ஏறும், எந்த அளவுக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்பதெல்லாம் சூத்திரத்தில் இல்லை.

இந்தப் பதிவில் ஒரே ஒரு ஷாஃப்டை ஆரம்பத்திலிருந்து டிராயிங் வரை கொண்டுபோகிறேன். ஷாஃப்ட், பேரிங், கீ (புல்லியையும் ஷாஃப்டையும் சேர்த்துப் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) மூன்றும் இதில் வந்துவிடும். கால்குலேட்டர் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

வேலை இதுதான். 2 ஹெச்பி மோட்டார், அதாவது 1.5 கிலோவாட். நான்கு துருவ மோட்டார் என்பதால் நிமிடத்துக்கு 1440 சுற்று. அதிலிருந்து வி-பெல்ட் வழியாக வேகத்தைப் பாதியாக்கி, 720 சுற்றில் ஒரு வார்ம் கியர்பாக்ஸை ஓட்ட வேண்டும். கியர்பாக்ஸ் ஒரு மாவுக் கலவை இயந்திரத்தைச் சுற்றும். பெல்ட்டை நேராகக் கியர்பாக்ஸ் ஷாஃப்டிலேயே மாட்டலாமே என்று கேட்கலாம். சிறிய கியர்பாக்ஸ்களின் உள்ளீட்டு ஷாஃப்ட் பக்கவாட்டு இழுப்பை ஓரளவுக்குத்தான் தாங்கும். அந்த அளவைத் தயாரிப்பாளரின் பட்டியலே சொல்லும். அதைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் நடுவில் இரண்டு பேரிங்கில் நிற்கும் ஓர் இடைத்தண்டு. ஒரு முனையில் புல்லி, மறுமுனையில் இரண்டு ஷாஃப்டுகளை இணைக்கும் கப்ளிங்.

படி 1: விசை எந்த வழியாகப் போகிறது?

எந்த எண்ணையும் தொடுவதற்கு முன் பென்சிலால் ஒரு கோட்டுப் படம் போடுங்கள். விசை புல்லியில் நுழைகிறது. கீ வழியாக ஷாஃப்டுக்கு வருகிறது. ஷாஃப்ட் அதை முறுக்காக மறுமுனைக்குக் கொண்டுபோய் கப்ளிங்கிடம் ஒப்படைக்கிறது. இது ஒரு வழி.

இன்னொரு வழியும் உண்டு, பலர் விட்டுவிடுவது அதைத்தான். பெல்ட் புல்லியைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, மோட்டார் பக்கமாக இழுக்கவும் செய்கிறது. அந்த இழுப்பு ஷாஃப்டை வளைத்து, பேரிங்குக்குப் போய், பேரிங் வீட்டுக்கு (ஹவுசிங்) போய், போல்ட் வழியாக இரும்புச் சட்டத்துக்கும் தரைக்கும் இறங்குகிறது. இந்த இரண்டாவது வழியில் உள்ள ஒவ்வொரு பொருளும் நம் பொறுப்பு.

படி 2: எண்கள்

முறுக்கு (டார்க்) முதலில். கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி, சுற்று வேகத்தால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் கிடைக்கும். 9550 × 1.5 ÷ 720 = 19.9. வட்டமாக 20 நியூட்டன் மீட்டர்.

மோட்டார் புல்லி 100 மிமீ, நம் புல்லி 200 மிமீ. முறுக்கை ஆரத்தால் வகுத்தால், 20 ÷ 0.1 = 200 நியூட்டன். இது பெல்ட்டின் இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஷாஃப்டை இழுப்பதோ இரண்டு பக்கமும் சேர்ந்து. வி-பெல்ட்டுக்கு இந்த வித்தியாசத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது வழக்கம். ஆக 300 நியூட்டன்.

புல்லியின் எடை? வார்ப்பிரும்புப் புல்லி 5 கிலோ என்றால் 50 நியூட்டன். மோட்டார் பக்கத்தில் இருப்பதால் பெல்ட் கிடைமட்டமாக இழுக்கிறது, எடை கீழ்நோக்கி இழுக்கிறது. செங்கோணத்தில் இருக்கும் இரண்டையும் சேர்த்தால் 304 நியூட்டன்தான். விட்டுவிடலாம். எதை விடலாம் என்பதையும் இப்படி ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே விட வேண்டும்.

புல்லியின் மையத்திலிருந்து பக்கத்துப் பேரிங்கின் மையம் வரை 80 மிமீ. இரண்டு பேரிங்குகளுக்கு இடையே 160 மிமீ. வளைப்பு (பெண்டிங் மொமெண்ட்) அதிகம் வரும் இடம் புல்லிப் பக்கத்துப் பேரிங்: 300 × 80 = 24,000 நியூட்டன் மிமீ. முறுக்கை அதே அலகில் எழுதினால் 20,000. பார்த்தீர்களா, வளைப்பு முறுக்கைவிடப் பெரியது.

படி 3: பொருள்

இஎன்8 என்ற ஸ்டீலை எடுத்துக்கொள்வோம். எந்த ஊர் இரும்புக் கடையிலும் உருளைக் கம்பியாகக் கிடைக்கும், லேத்தில் நன்றாக வெட்டும். நார்மலைஸ் செய்த நிலையில் இழுவலிமை சுமார் 550 மெகாபாஸ்கல், நெகிழ்ந்து நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை சுமார் 280.

ஷாஃப்டுக்கான பழைய ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதி எளிது. இழுவலிமையில் 18 சதவீதம், நெகிழ்வெல்லையில் 30 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுவே அனுமதிக்கும் வெட்டுத் தகைவு (ஷியர் ஸ்ட்ரெஸ்). இங்கே 99, 84. குறைந்தது 84. கீவே, அதாவது கீ உட்காரும் பள்ளம், இருந்தால் அதிலும் கால் பங்கைக் கழிக்க வேண்டும்: 63 மெகாபாஸ்கல். நம் கீவே புல்லியின் அடியில்தான் இருக்கிறது, பேரிங்கின் அடியில் இல்லை. ஆனாலும் பேரிங்கை ஒட்டி ஒரு தோள், அதாவது விட்டம் மாறும் படி, வரப்போகிறது. அதுவும் தகைவைக் கூட்டும். அதனால் 63-ஐயே வைத்துக்கொள்கிறேன்.

படி 4: விட்டம்

மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது அதன் முறுக்கு முழுச்சுமை அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் எழும்பும். கலவை இயந்திரத்தில் மாவு கட்டியாக நின்றால் ஒரு உதறல் வரும். இதற்காக வளைப்பை 2-ஆலும் முறுக்கை 1.5-ஆலும் பெருக்குகிறோம்: 48,000 மற்றும் 30,000. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 56,600 நியூட்டன் மிமீ.

விட்டம் × விட்டம் × விட்டம் = 16 × 56,600 ÷ (3.14 × 63). விடை சுமார் 4,580. விட்டம் 16.6 மிமீ.

வளைப்பை மறந்து, பெருக்காத 20,000 முறுக்கை மட்டும் வைத்துப் போட்டிருந்தால் 11.7 மிமீ வந்திருக்கும். 12 மிமீ கம்பியில் செய்து மாட்டினாலும் முதல் நாள் ஓடியிருக்கும்; அதில்தான் ஆபத்தே.

காரணம் களைப்பு, அதாவது ஃபெட்டீக். ஷாஃப்ட் சுற்றும்போது பெல்ட் இழுக்கும் திசை மாறுவதில்லை. ஆனால் ஷாஃப்டின் மேற்பரப்பில் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை அது இழுபடும் பக்கத்திலிருந்து அமுங்கும் பக்கத்துக்குப் போய்த் திரும்புகிறது. நிமிடத்துக்கு 720 முறை, மணிக்கு 43,200 முறை. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மூன்றே நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஒருமுறை கொடுத்தால் இரும்பு சட்டை செய்யாத தகைவு, லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு மூலையில் நுண்ணிய விரிசலைத் திறக்கும். அது மெல்ல உள்ளே போகும். மிச்சமுள்ள பரப்பு போதாமல் போகும் நாளில் முறியும்.

இதை உலகம் கற்றுக்கொண்டது ரயில் அச்சுகளிலிருந்து. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, எத்தனை முறைக்கு எவ்வளவு தகைவு தாங்கும் என்று வரைபடம் ஆக்கும் வழியைத் திறந்தார். இன்றும் நாம் பார்க்கும் எஸ்-என் வளைகோட்டின் வேர் அங்கேதான்.

படி 5: 16.6-ஐ 20 ஆக்குவது

16.6 மிமீ உள்விட்டத்தில் பேரிங் கிடையாது. 17 உண்டு, 20 உண்டு. 17 கணக்குக்குப் போதும். ஆனால் புல்லி உட்காரும் இடம் பேரிங் இடத்தைவிடச் சிறியதாக இருந்தால்தான் பேரிங் அந்த வழியாக நுழையும். ஆகவே 20 மிமீ பேரிங், 18 மிமீ புல்லி இடம். 6204 என்ற எண்ணுள்ள பேரிங் எங்கும் கிடைக்கும்: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14. கையிருப்பில் கிடைக்கும் பொருளைச் சுற்றி வடிவமைப்பது சோம்பேறித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். பண்டிகை நாளில் இயந்திரம் நின்று, உரிமையாளர் பேரிங் தேடி அலையும்போது அந்தச் சோம்பேறித்தனத்தின் மதிப்பு தெரியும்.

பேரிங் ஆயுளையும் பார்த்துவிடலாம். புல்லிப் பக்கத்துப் பேரிங்கில் சுமை 300 × 240 ÷ 160 = 450 நியூட்டன். 6204-இன் இயங்குசுமைத் திறன் சுமார் 12,700 நியூட்டன். 28 மடங்கு. 28 × 28 × 28 என்று பெருக்கினால் ஆயுள் பத்து லட்சம் சுற்றுகளின் கணக்கில் கிடைக்கும்; 720 சுற்று வேகத்தில் அது சுமார் ஐந்து லட்சம் மணி நேரம் என்று வரும். நம்பாதீர்கள். அதற்கு வெகு முன்பே மாவுத் தூளும் காய்ந்த கிரீஸும் பேரிங்கைக் கொன்றுவிடும். இந்த விடை நமக்குச் சொல்வது, இங்கே பெரிய பேரிங்குக்குச் செலவழிக்காமல் நல்ல சீலுக்குச் செலவழியுங்கள் என்பதை. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: வளைவு எவ்வளவு?

உடையாமல் இருந்தால் மட்டும் போதாது, அதிகம் வளையவும் கூடாது. ஷாஃப்ட் முழுவதும் 20 மிமீ என்று வைத்தாலும் புல்லி இருக்கும் இடத்தில் வளைவு சுமார் 0.1 மிமீ. பெல்ட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அங்கே பல்சக்கரம் இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

ஒருவேளை வளைவு அதிகமாக வந்தால், "இஎன்24 போட்டுவிடலாம், அது வலுவான ஸ்டீல்" என்று யாராவது சொல்வார்கள். வலு கூடும், வளைவு குறையாது. எல்லா ஸ்டீலுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். விட்டத்தைக் கூட்ட வேண்டும், அல்லது புல்லியைப் பேரிங்குக்கு அருகில் கொண்டுவர வேண்டும். இரண்டாவதற்குச் செலவே இல்லை. முதலில் அதைத்தான் பாருங்கள்.

படி 7: வடிவம்

இப்போது ஷாஃப்டை மாட்டுகிறவராக நினைத்துப் பாருங்கள். நடுப்பகுதி 26 மிமீ. அதன் இரு பக்கமும் 20 மிமீ இருக்கைகள். பேரிங் ஒவ்வொன்றும் தன் பக்கத்திலிருந்து ஏறி 26-இன் தோளில் முட்டி நிற்கும். அதற்கு வெளியே 18 மிமீ முனைகள், ஒன்றில் புல்லி, மற்றதில் கப்ளிங்.

20-லிருந்து 18-க்கு இறங்கும் படியைப் புல்லிக்கு ஒட்டியே வையுங்கள், பேரிங் பக்கம் வேண்டாம். புல்லியின் மையத்திலிருந்து 15 மிமீ தள்ளி வைத்தால் அங்கே வளைப்பு 4,500தான். பேரிங்கை ஒட்டி வைத்தால் இருபதாயிரத்தைத் தாண்டும். அதே படி, அதே விலை.

ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் ஒரு வளைவு வேண்டும். கூர்மையாக வெட்டிய மூலையில்தான் விரிசல் தொடங்கும். பேரிங் தோளில் ஒரு சிக்கல்: 6204-இன் உள்வளைய மூலை வளைவு குறைந்தது 1 மிமீ. ஷாஃப்டின் வளைவு அதைவிடப் பெரிதானால் பேரிங் தோளில் முட்டாமல் வளைவின் மேல் ஏறி நிற்கும். 0.8 மிமீ என்று டிராயிங்கில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் டூலின் முனை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மூலையும் வரும். அது டர்னரின் தவறு ஆகாது.

இரண்டு பேரிங்குகளையும் வீட்டுக்குள் இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள். ஷாஃப்ட் 40 டிகிரி சூடேறினால் 160 மிமீ நீளத்துக்குச் சுமார் 0.08 மிமீ நீளும். ஒன்றை நிலையாகப் பிடித்து, மற்றதன் வெளிவளையம் சற்றே நகர இடம் விடுங்கள்.

படி 8: கீ

18 மிமீ ஷாஃப்டுக்கு அட்டவணைப்படி 6 × 6 கீ. ஷாஃப்டில் பள்ளம் 3.5 மிமீ ஆழம். உச்ச முறுக்கான 30,000-ஐ 9 மிமீ ஆரத்தால் வகுத்தால் கீயின் மேல் விசை 3,333 நியூட்டன். வெட்டுத் தகைவு 40, நசுங்கும் தகைவு 80 என்று எடுத்தால் இரண்டுக்குமே 14 மிமீ நீளம் போதும். புல்லியின் ஹப் 30 மிமீ இருக்கும், 25 மிமீ கீ போடுங்கள். கீ ஷாஃப்டைவிட மென்மையாக இருப்பது நல்லது. ஏதாவது சிக்கி நின்றால் விலை குறைந்த பொருள் முதலில் போகட்டும்.

படி 9: டிராயிங்

எல்லா அளவுக்கும் மைக்ரான் கணக்கில் துல்லியம் கேட்பது புதியவர்களின் வழக்கம். பில் வந்ததும் வழக்கம் மாறிவிடும். இங்கே துல்லியம் தேவைப்படும் இடங்கள் சில மட்டுமே.

பேரிங் இருக்கைக்கு கே6 என்ற அளவு வரம்பு: 20.002 முதல் 20.015 மிமீ வரை. உள்வளையம் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்ற வேண்டும், தளர்வாக இருந்தால் வழுக்கி ஷாஃப்டைத் தின்னும். புல்லி இருக்கைக்குச் சிறிய எழுத்து ஹெச்6: 17.989 முதல் 18.000 வரை, கையால் தள்ளினால் ஏற வேண்டும். இந்த இருக்கைகள் அனைத்தும் ஒரே மையக்கோட்டில் இருக்க வேண்டும் என்று தனியாகக் குறியுங்கள். தோள்களுக்கு இடையேயான நீளம் முக்கியம். நடுப்பகுதியின் 26 மிமீ விட்டம் முக்கியமில்லை. மீதிக்கு ஐஎஸ்ஓ 2768 என்ற பொது அளவு வரம்புகளின் நடுத்தர வகை என்று ஒரு வரி போதும்.

ஷாஃப்டின் இரு முனையிலும் மையத் துளையை விட்டுவைக்கச் சொல்லுங்கள். கிரைண்டிங்குக்கு அதில்தான் பிடிப்பார்கள். நாளை இருக்கை தேய்ந்து சரிசெய்ய வந்தாலும் அதே மையத்தில் பிடிக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஷாஃப்ட், அதுவும் சொந்தப் பட்டறைக்கு என்றால், யூசிபி204 பிளம்மர் பிளாக் (பேரிங்கும் வீடும் சேர்ந்தே வருவது) இரண்டு வாங்கி, படியே இல்லாத 20 மிமீ பிரைட் பார் (வழவழப்பான உருளைக் கம்பி) ஒன்றில் மாட்டிவிடுங்கள். அதிலும் 300 நியூட்டன் அப்படியே இருக்கும், 80 மிமீ அப்படியே இருக்கும், கணக்கு மாறாது. பெல்ட்டை மட்டும் அளவோடு இழுத்துக் கட்டுங்கள். "நன்றாக டைட் பண்ணு" என்று இரண்டு மடங்கு இழுத்தால் 24,000 என்று போட்ட வளைப்பு 48,000 ஆகும். உதறலுக்காக ஒதுக்கி வைத்த இடம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மேலே ஒரு கூண்டு மாட்டிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.