பேரல், காலன், டன்: எண்ணெய் அளவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கச்சா எண்ணெய்க்குப் பேரல் கணக்கில் விலை பேசுகிறார்கள். இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகளின் திறனை டன்னில் குறிக்கிறார்கள். பெட்ரோலையோ நாம் லிட்டரில் வாங்குகிறோம். இம்மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

பட்டறைகளில் நாம் பேரல் என்று அழைக்கும் 200 லிட்டர் இரும்பு டிரம் வேறு, எண்ணெய்ச் சந்தையின் பேரல் வேறு. பின்னது 42 அமெரிக்கக் காலன், அதாவது 158.987 லிட்டர். அந்த 42 காலனைப் பிரிட்டிஷ் காலன் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அமெரிக்கக் காலன் சுமார் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் சுமார் 4.546 லிட்டர் என்பதால், ஒரு பேரல் ஏறத்தாழ 191 லிட்டராக வீங்கி, விடை 20 சதவீதம் கூடிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது டன் கணக்கு. டன் எடையைக் குறிப்பது, பேரல் கன அளவைக் குறிப்பது. எனவே எண்ணெயின் அடர்த்தி தெரியாமல் ஒன்றை மற்றொன்றாக மாற்ற இயலாது. ஒரு டன்னுக்கு 7.33 பேரல் என்று பரவலாகக் கையாளப்படும் எண் வெறும் சராசரிதான். லிட்டருக்கு 0.83 கிலோ எடையுள்ள இலகுவான கச்சா எண்ணெய் டன்னுக்குச் சுமார் 7.58 பேரல் வரும்; 0.93 கிலோ எடையுள்ள கனமான எண்ணெயோ 6.76 பேரல்தான் வரும். சென்னை மணலி ஆலையின் ஆண்டுத் திறனான 1.05 கோடி டன்னை இவ்விரு எண்களாலும் மாற்றிப் பார்த்தால், நாளொன்றுக்கு 23,000 பேரலுக்கும் அதிகமான வேறுபாடு தெரியும். ஆகவே எந்த வகை எண்ணெய் என்று கேட்காமல் டன்னைப் பேரலாக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

வெப்பநிலையையும் பலர் விட்டுவிடுகின்றனர். பெட்ரோல் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 0.1 சதவீதம் விரிவதால், 35 பாகையில் 12,000 லிட்டராக அளக்கப்பட்ட டேங்கர் லாரிச் சரக்கு, இந்தியாவில் ஒப்பீட்டு அளவாகக் கொள்ளப்படும் 15 பாகையில் 200 லிட்டருக்கும் மேல் குறைவாகவே இருக்கும். அமெரிக்காவில் இந்த ஒப்பீட்டு வெப்பநிலை 60 பாகை ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 15.6 செல்சியஸ், இரு நாட்டு ஆவணங்களை ஒப்பிடுவோர் இதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க எண்ணெய்த் துறை அறிக்கைகளில் ஒற்றை 'எம்' பெரும்பாலும் ஆயிரத்தையும், இரட்டை 'எம்' பத்து லட்சத்தையும் குறிக்கும். ஒற்றை எழுத்தை மில்லியன் என்று படித்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். முழுமையாக்குவதிலும் எல்லை உண்டு: பேச்சுக்கு 159 லிட்டர் என்பது போதும், ஆனால் 160 என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் பேரல் சரக்கில் இல்லாத எண்ணெய் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கணக்கில் ஏறிவிடும்.