ஒளித்து வைக்குமுன் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நகையோ பத்திரமோ, ஒளித்து வைக்குமுன் அதை அறியப்போகும் ஒருவரை முடிவு செய்யுங்கள். இடத்தை அப்புறம் பார்க்கலாம். கோவையை அடுத்த வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. யார் பிள்ளைக்குச் சேர வேண்டியதோ!

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) காசுமாலையைப் பழந்துணியில் முடிந்து, ராகிக் குதிரின் அடியில் வைப்பார். பிறகு மருமகளான எங்கள் அத்தையின் கையைப் பிடித்துத் தானியத்துக்குள் முழங்கைவரை விட்டு, முடிச்சைத் தொட வைப்பார். வாய் திறந்து சொன்னதே இல்லை. நீங்களும் தொட்டுக் காட்டுங்கள்.

சாமி அறையும் அரிசிப் பானையும் வேண்டாம். திருடனுக்கும் அவை தெரியும். வங்கி லாக்கருக்கு நாமினி பெயரை எழுதிக் கொடுங்கள், சாவி இருக்குமிடத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.

பிறர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியம் வேறு. “தெரியும், சொல்ல மாட்டேன்” என்றால் பாதி சொன்னதாகிவிடும். யாராவது கிண்டிக் கேட்டால், “அவரிடமே கேளுங்கள்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.