கச்சேரி லைட்டுக்கு மைக் வைக்காதீர்கள்

பாட்டின் தாளத்துக்கு ஏற்ப லேப்டாப் வழியாக மேடை லைட்டை எரியவைப்பதைப் பற்றிப் பேசுகிறேன். லைட்டின் அட்ரஸை (அதற்கான எண்ணை) மாற்றிப் போடுவது, கேபிளைத் தவறாகச் செருகுவது எல்லாம் இரண்டு கச்சேரியில் தானாகச் சரியாகிவிடும். வருடக்கணக்கில் லைட் போடுகிறவர்கள்கூட விடாமல் செய்கிற தப்புகள் வேறு.

லைட் எதைக் கேட்கிறது?

கோயில் திருவிழா, இன்னிசைக் கச்சேரி. லைட் மேசையில் லேப்டாப், பக்கத்தில் ஒரு மைக். அந்த மைக்கில் கேட்கும் சத்தத்துக்குத்தான் லேப்டாப் லைட்டை ஏற்றி இறக்கும். "விழாக் குழுவினரை மேடைக்கு அழைக்கிறோம்" என்று அறிவிப்பாளர் சொன்னதும் மேடையின் பார் லைட் (குவிய வெளிச்சம் தரும் விளக்கு) அத்தனையும் அவர் பேச்சுக்கு வெட்டி வெட்டி எரியும். கைதட்டினால் முழு வெளிச்சம். தபேலா சேரும்போது மட்டும் லைட்டில் ஒரு மாற்றமும் இருக்காது. இத்தனை செலவு செய்து கட்டிய மேடையில் இதைப் பார்த்தால் இன்றும் கோபம்தான் வருகிறது.

தாமதம் இன்னொரு கேடு. ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்குச் சத்தம் வந்து சேர 50 மில்லி விநாடி. லேப்டாப் சத்தத்தை விநாடிக்கு 44,100 சாம்பிளாக (அளவீடாக) எடுத்து, 1024 சாம்பிள் சேர்த்து அலசினால் இன்னொரு 23. லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் சிக்னல், 512 சேனலும் ஓடினால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 23. மேசையில் இருப்பவருக்கும் பாட்டு தாமதமாகவே கேட்பதால் பாதி தெரியாது. முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தாள அடி கேட்ட பிறகுதான் லைட் வரும்.

மைக்குக்குப் பதில் சவுண்ட் மிக்சரின் மாஸ்டர் அவுட்டிலிருந்து (எல்லாச் சத்தமும் சேர்ந்து வெளிவரும் இடம்) கேபிள் எடுத்தாலும் பேச்சும் பாட்டும் கலந்தேதான் வரும். சவுண்ட் அண்ணனிடம் தனியாக ஒரு ஆக்ஸ் (வேண்டிய கருவிகளை மட்டும் அனுப்பும் தனி அவுட்) கேளுங்கள், ப்ரீ ஃபேடராக, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே எடுத்ததாக. பாட்டு நடுவே அவர் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் உங்கள் அளவு மாறாது. அதில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ரிதம் பேட், தபேலாவின் டக்கா (கனத்த சத்தம் தரும் பெரிய பாதி) மட்டும் போதும். பேஸ் கிதார் வேண்டாம். இழுத்து நிற்கும் சுரத்தில் லைட் அணையவே அணையாது. லேப்டாப்பில் 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மட்டும் பாருங்கள்.

மிக்சருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (இரண்டின் மின் இணைப்பையும் பிரித்து, சத்தத்தை மட்டும் கடத்துவது) கட்டாயம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 100-லும் வரும், சரியாக கிக் இருக்கும் இடத்தில். யாரும் வாசிக்காதபோது லேப்டாப்பில் சத்த அளவைக் காட்டும் மீட்டர் அடிமட்டத்தில் நிற்கவேண்டும். நிற்காமல், சார்ஜரைப் பிடுங்கியதும் இறங்கினால், கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் வழி சுற்றாகி இரைச்சல் புகுந்திருக்கிறது.

ஏறுவது வேகம், இறங்குவது நிதானம்

சத்தத்தின் அளவை அப்படியே டிம்மருக்கு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) கொடுத்தால் லைட் நடுங்கும். ஏற 10 மில்லி விநாடிக்குள், இறங்க 200 முதல் 300 வரை வையுங்கள். 1000 வாட் ஹாலஜன் பாரில் இழை சூடாகவே நேரம் பிடிக்கும். அது பின்னணி நிறத்துக்கு. தாளத்துக்கு எல்இடி.

பாடகர் முகத்து லைட்

தாளத்தோடு கட்டாதீர்கள்.

மைக் கேபிளில் டிஎம்எக்ஸ்

வேண்டாம். டிஎம்எக்ஸுக்கு உரிய கேபிளே போடுங்கள். கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் செருகி).

ஸ்ட்ரோப்

வெட்டி வெட்டி எரியும் லைட், விநாடிக்கு 3 முறைக்கு மேல் வெட்டினால் வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு ஆபத்து. டிரம்மர் வேகமாக உருட்டும்போது லைட்டும் அதே வேகத்தில் வெட்டும். ஒருமுறை எரிந்தால் அடுத்த 350 மில்லி விநாடிக்கு எந்த அடிக்கும் எரியாதபடி சாப்ட்வேரில் பூட்டு போடுங்கள்.