மருத்துவமனை நிர்வாகப் படிப்பு: எந்தக் கல்லூரி கட்டுப்படியாகும் என்று கணக்கிடுவது எப்படி?

மருத்துவமனை நிர்வாகம் படிக்க விரும்பும் பிள்ளையின் வீட்டுக்கு மூன்று கல்லூரிகளின் கையேடுகள் வந்து சேர்ந்தால், எல்லோருடைய கண்ணும் முதலில் போவது ஒரு செமஸ்டருக்கான கட்டணத்தின் மேல்தான். ஆனால், முதல் சம்பளம் கைக்கு வரும் நாள் வரை குடும்பம் செலவிடப்போகும் மொத்தத் தொகை தெரியாமல் எது மலிவு என்று சொல்ல முடியாது.

முதலில், ஒப்பிடப்படுபவை ஒரே தரத்தவைதானா என்று பாருங்கள். மூன்றாண்டு இளநிலைப் படிப்பான பிபிஏ வேறு, ஈராண்டு முதுநிலைப் படிப்புகளான எம்பிஏ அல்லது எம்எச்ஏ (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் பட்டம்) வேறு. ஒரே பெயருக்குள்ளும் வேறுபாடு உண்டு: மும்பையிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பில் பிற துறைப் பட்டதாரிகளும் சேரலாம், தில்லி எய்ம்ஸ் நடத்தும் படிப்போ எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கு மட்டுமே உரியது. தொலைநிலைக் கல்வி என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி அளித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாத படிப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு தாள் எடுத்து, கல்விக் கட்டணத்துடன் சேர்க்கைக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை, விடுதி, உணவு, போக்குவரத்து ஆகியவற்றைப் படிப்புக் காலம் முழுமைக்கும் எழுதுங்கள். இந்தத் துறைக்கே உரிய ஒரு செலவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாணவர்கள் புறநோயாளிகள் பிரிவு, அவசரச் சிகிச்சைப் பிரிவு, மருத்துவப் பதிவேடு, மருந்துக் கிடங்கு, பில்லிங், காப்பீட்டுப் பிரிவு என்று மருத்துவமனையின் பல பிரிவுகளில் பயிற்சி பெற வேண்டியிருக்கும். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருந்தால் பயிற்சி வளாகத்திலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் வேறு ஊரில் அறை எடுத்துத் தங்க நேரிடலாம். அதற்கான வாடகையும் பேருந்துச் செலவும் யாருடையவை, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சேர்க்கை அலுவலகம் வாய்மொழியாகச் சொல்வதை விட, இறுதியாண்டு மாணவர் ஒருவரின் அனுபவத்தை நான் அதிகம் நம்புவேன்.

ஓர் எடுத்துக்காட்டு. வெளியூர்க் கல்லூரியில் ஈராண்டுக் கட்டணம் 2,40,000 ரூபாய், விடுதிக்கும் உணவுக்கும் மாதம் 8,000 வீதம் 24 மாதங்களுக்கு 1,92,000, மொத்தம் 4,32,000. உள்ளூர்க் கல்லூரியில் கட்டணம் 3,60,000, போக்குவரத்துக்கு மாதம் 1,500 வீதம் 36,000, மொத்தம் 3,96,000. கட்டணத்தில் 1,20,000 ரூபாய் கூடுதலாகத் தெரிந்த கல்லூரி, முடிவில் 36,000 ரூபாய் குறைவாகிறது.

கடன் வாங்குவதாக இருந்தால் வட்டியும் செலவுதான். 4,00,000 ரூபாயைச் செமஸ்டருக்கு ஒரு லட்சமாக, 10 சதவீதத் தனிவட்டியில் பெற்று, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கினால், அதற்குள் 90,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். 4,90,000 ரூபாயை ஐந்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 10,400 ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள குடும்பத்து மாணவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் கல்லூரி அத்திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், தகுதி அடிப்படையில் இடம் கிடைத்திருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்க நினைப்பவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உதவித்தொகையைக் கழிக்கும்போது உறுதியானதை மட்டும் கழியுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து இளநிலைப் பட்டத்தில் சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

தவணையைத் தாங்கும் சம்பளம் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. 'அதிகபட்சச் சம்பளம்' என்ற விளம்பரத்தால் பயனில்லை. சம்பளங்களை ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் நிற்கும் தொகையே நமக்குத் தேவை. உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனங்கள் தம் தளத்தில் வெளியிட வேண்டிய தரவில் அந்த இடைநிலைச் சம்பளமும், கல்விக் கட்டணத்தை உதவியாக முழுமையாகத் திரும்பப் பெற்ற மாணவர்களின் எண்ணிக்கையும் இருக்கும். அந்தச் சம்பளத் தொகை எல்லா முதுநிலைப் படிப்புகளுக்கும் பொதுவானதாக இருக்கலாம் என்பதால், மருத்துவமனை நிர்வாகப் பிரிவுக்கு மட்டும் உள்ள விவரத்தைத் தனியே கேளுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன், விலகினால் எவ்வளவு திரும்பும் என்று தெரிந்துகொள்ளுங்கள். யுஜிசியின் 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு கழிவு போக முழுக் கட்டணமும் திரும்பும். கடைசி நாளுக்குப் பின் 30 நாட்கள் கடந்துவிட்டால் எதுவும் கிடைக்காது. அதே அறிவிக்கை, கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. எனவே சரிபார்ப்பு முடிந்த அன்றே அசலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நீங்களே கையொப்பமிட்ட நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.