மானிட்டரில் 65 வந்தாச்சு, குடலுக்கு ரத்தம் போகிறதா?

செப்சிஸ் (கிருமித் தொற்றால் உடல் நிலைகுலைவது) முற்றி ஷாக்குக்கு, அதாவது அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலைக்குப் போன நோயாளிக்கு, ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடத் தொடங்கி, சராசரி ரத்த அழுத்தம் 65-ஐத் தொட்டதும் ஐசியூவில் எல்லோருக்கும் மூச்சு வரும். நானும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்கு நகர்வேன். ஆனால் அது பெரிய தமனியின் அழுத்தம் மட்டுமே. அதை வைத்துக் குடலும் நலம் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு.

உடல் ஓய்வாக இருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குடலும் கல்லீரலும் இருக்கும் பகுதிக்குப் போகிறது. ஆபத்து என்றால் உடல் முதலில் கைவைப்பதும் அந்தப் பங்கில்தான். குடலின் உள்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிக்குள் ஏறும் தமனியும் இறங்கும் சிரையும் ஒட்டியே ஓடுவதால், ஆக்சிஜன் நுனிக்குப் போகும் முன்பே பாதி வழியில் சிரைக்குக் கசிந்துவிடும். ஓட்டம் மந்தமானால் முதலில் வாடுவது அந்த நுனி.

அதனால், சிரை வழியாகத் திரவம் கொடுக்காமல் மருந்தின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 1.8 லிட்டர். அழுத்தம் அதலபாதாளத்தில் இருந்தால் பாட்டில் முடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். அளவு மீறிய திரவம் குடலையே வீங்க வைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அழுத்தத்தை ஏற்றும் இன்னொரு மருந்தான அட்ரினலின் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இதயம் வேகமாக அடிக்கும், மொத்த ரத்த ஓட்டம் கூடும், எல்லாம் நன்றாகத் தெரியும். 2003-இல் டி பேக்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 20 நோயாளிகளிடம் இதே வகை மருந்தான டோபமினோடு நார்அட்ரினலின், அட்ரினலின் ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஷாக் கடுமையாக இருந்தவர்களுக்கு அட்ரினலின் மொத்த ஓட்டத்தைக் கூட்டியது. குடல் பகுதிக்கான ஓட்டமோ நார்அட்ரினலினில் இருந்ததைவிடக் குறைந்தது. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் அட்ரினலினை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஞாபகம் வரும். இதில் இன்னொரு சிக்கல்: ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் இந்த மருந்தே லாக்டேட்டை (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) உயர்த்தும். எனவே லாக்டேட்டைப் படிக்கும்போது எந்த மருந்து ஓடுகிறது என்றும் பாருங்கள்.

குறைந்த அளவு டோபமின் கிட்னியையும் குடலையும் காக்கும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம். 2000-இல் வெளிவந்த 328 பேர் ஆய்வில் கிட்னிக்கு எந்தப் பயனும் இல்லை. 2010-இல் வந்த பெரிய ஒப்பீட்டில் டோபமின் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கு இதயத்துடிப்பு தடுமாறியது. நார்அட்ரினலினில் அது 12.

நார்அட்ரினலின் அளவு ஏறிக்கொண்டே போனால் அழுத்தத்தை ஏற்றும் வேறொரு மருந்தான வாசோப்ரெசினைச் சேர்ப்பது சரி. ஆனால் அதையும் அழுத்தத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்காதீர்கள். நிமிடத்துக்கு 0.03 யூனிட்டோடு நிறுத்துங்கள். அதிகமானால் விரல் நுனியும் குடலும் ரத்தமின்றிப் போகும் அபாயம் உண்டு.

அப்புறம் உணவு. 2018-இல் பிரான்சில் 2,410 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஷாக்கில் இருக்கும்போதே குடல் வழியாக முழு அளவு உணவு பெற்றவர்களில் 19 பேருக்குக் குடலில் ரத்த ஓட்டம் தடைபட்டது. சிரை வழியாகப் பெற்றவர்களில் 5 பேருக்கு. இதைக் கேட்டுவிட்டு மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூபை நாள்கணக்கில் மூடி வைப்பதும் தவறுதான். மருந்தின் அளவு நிலைத்து இறங்கத் தொடங்கியதும் மெல்ல, கொஞ்சமாக ஆரம்பியுங்கள்.

கடைசியாக, கையால் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள். ஆள்காட்டி விரல் நுனியை 10 வினாடி அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேல் ஆனால் 65 என்ற எண்ணை நம்பி நகராதீர்கள். போர்வையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். காலையில் தளர்வாக இருந்த வயிறு மாலையில் உப்பிக் கெட்டியாகி, டியூபில் திரும்ப வரும் அளவும் கூடி, லாக்டேட்டும் ஏறினால், உணவை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சை மருத்துவரை அப்போதே கூப்பிடுங்கள், இரவு 2 மணியானாலும்.