டிஸ்க் போட்டாச்சு, வால்வில் ஏன் சறுக்குகிறோம்?

ஃபோர்டின் 1965 மஸ்டாங் காரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான் வழக்கம். முன் டிஸ்க் கூடுதல் காசுக்கு. அந்த டிரம் வண்டிக்கு இப்போது முன்பக்கம் டிஸ்க் போடுபவர்கள், பெடலை ஓங்கி மிதித்ததும் பின்பக்கம் வாலாட்டுவதைப் பார்த்துத்தான் புரொபோர்ஷனிங் வால்வைத் தேடுகிறார்கள்.

டிரம்மில் சக்கரம் சுழல்வதே பிரேக் ஷூவை இழுத்து டிரம்மோடு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். டிஸ்க்கில் அது கிடையாது, அழுத்தம் அதிகம் வேண்டும். அதே அழுத்தம் பின் டிரம்முக்கும் போனால், எடை முன்னே சாய்ந்து லேசான பின்சக்கரம் லாக் ஆகிவிடும், அதாவது சுழலாமல் சறுக்கும். ஒரு அளவைத் தாண்டியதும் பின் அழுத்தம் ஏறுவதை மட்டுப்படுத்துவதுதான் வால்வின் வேலை. குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. பின் பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டிக்கு இதை வாங்குவது வீண் செலவு.

நான் அதிகம் பார்க்கும் தவறு, இரண்டு வால்வு. பல வேலைகளை ஒன்றாகச் செய்யும் காம்பினேஷன் வால்வுக்குள்ளேயே பின்பக்கத்தைக் குறைக்கும் பகுதி உண்டு. அதை அப்படியே வைத்துக்கொண்டு, பின் பைப்பில் திருகு வைத்த அட்ஜஸ்டபிள் வால்வையும் சேர்த்தால் இரட்டைக் குறைப்பு. பின் பிரேக் பேருக்குத்தான் இருக்கும். அதை முன் பைப்பில் மாட்டிய புண்ணியவான்களும் உண்டு!

அடுத்தது, பழியை வால்வு மேல் போடுவது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான சிலிண்டரில், பைப் சேரும் துளைக்குள் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் குட்டி வால்வு இருக்கும். டிஸ்க் லைனில் அது இருந்தால் டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் உரசிக்கொண்டே ஓடும். ஜாக்கி போட்டு, பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு முன்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால், பேடை அழுத்தும் காலிப்பரின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறங்கள். ஆயில் சீறிவந்து சக்கரம் லேசானால் அழுத்தம் தேங்கியிருக்கிறது. 1965, 66 மஸ்டாங்கில் ஒற்றைச் சர்க்யூட் சிலிண்டர் வேறு, நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்கே லீக் ஆனாலும் மொத்த பிரேக்கும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனிப் பாதை உள்ள இரட்டைச் சர்க்யூட்டுக்கு மாறாமல் டிஸ்க் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அட்ஜஸ்டபிள் வால்வின் திருகை ஆளில்லாத, காய்ந்த நேர் ரோட்டில் செட் பண்ணுங்கள். பின்சக்கரத்தைவிட முன்சக்கரம் சற்று முந்தி லாக் ஆக வேண்டும். வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும். மழை ஈரத்தில் மட்டும் செட் பண்ணாதீர்கள். ஈர ரோட்டில் எடை அவ்வளவாக முன்னே சாயாது, பின்சக்கரம் தாங்கும். அந்த செட்டிங்கோடு காய்ந்த ரோட்டில் ஓங்கி மிதித்தால் வண்டி சுற்றிவிடும்.